பழைய பஸ் படத்துக்கு ஆண்டு குறிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி தடங்களிலிருந்து

பழைய பஸ்களில் ஆசை வைத்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மாடி பஸ்ஸில் போய் நிற்கும். 1967-ல் அசோக் லேலண்ட் கொண்டுவந்த டைட்டன், பல்லவன் காலத்துச் சென்னை, பிராட்வேயிலிருந்து தாம்பரம் போன 18ஏ, மேல்தளத்தின் முன்வரிசை சீட் என்று நீளும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மாடி பஸ் என்பது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஏறிய வண்டி. அது ஏன் நம் ரோட்டுக்கு வரவில்லை என்று கேட்டால் விடை வண்டியில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. பழைய மோட்டார் வாகன விதிப்படி சாதாரண பஸ்ஸின் உயரம் 3.8 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாடி பஸ்ஸுக்கு 4.75 மீட்டர் வரை அனுமதி. ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதல். இரு பக்கமும் புளியமரம் கவிந்த பழைய நெடுஞ்சாலையில் அந்த ஒரு மீட்டரில்தான் கிளைகள் இருக்கும், ஊருக்குள் ஒயர்கள் இருக்கும். மேல்தளம் நிறைந்த வண்டி தருமபுரி-சேலம் ரோட்டின் தொப்பூர் மலைப்பாதை வளைவுகளில் எவ்வளவு சாயும் என்பது அதற்கு மேல்.

வண்டியைத் தனியாகவும் தடத்தைத் தனியாகவும் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நம் மாவட்டங்களின் பழைய பஸ் படங்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற டிரைவர் வீட்டு ஆல்பத்தில், தனியார் பஸ் முதலாளி வீட்டுக் கூடத்தில், ஆயுதபூஜைக்கு மாலை போட்டு எடுத்த படமாக இருக்கும். பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு வரிகூட எழுதியிருக்காது. அவற்றுக்கு ஆண்டும் தடமும் குறிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் வேலை படத்தைக் கெடுக்காமல் நகல் எடுப்பது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது. ஈரம் பட்டு மேல்பூச்சு கண்ணாடியோடு ஒன்றாகியிருக்கும், உரித்தால் பாதிப் படம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். பசை ஆல்பத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் விரலால் இழுக்காமல் மெல்லிய நைலான் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு அறுப்பது போல நகர்த்த வேண்டும். எதிலும் ஒட்டாத தனிப் படமென்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ. மூன்றுக்கு ஐந்து அங்குலப் படம் 1800-க்கு 3000 புள்ளிகளாக வரும். நம்பர் பிளேட்டும் ரூட் போர்டும் படிக்க அது போதும். நெகட்டிவ் கிடைத்தால் 2400-க்குக் குறையாமல். ஸ்கேனரின் கூர்மையாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். மங்கிய 3-ஐ 8 ஆக்கிக் காட்டுவது அதுதான். படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் புடைத்துவிடும்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு எடுத்த பிரதிகளும் உண்டு. எழுத்து தெரியாத படத்தில் வாசல் வலப்பக்கம் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, இந்தப் படம் எந்த ஆண்டுக்கு முன்னால் இருக்க முடியாது, எந்த ஆண்டுக்குப் பின்னால் இருக்க முடியாது என்று இரண்டு கோடுகளைத் தேட வேண்டும். ஒரே ஆண்டைச் சொல்ல அவசரப்படுகிறவர்கள்தான் தவறான குறிப்பைப் பரப்புகிறார்கள். நம் பக்கத்துக்கு மிக உறுதியான கோடு வண்டியின் பக்கவாட்டில் எழுதிய போக்குவரத்துக் கழகத்தின் பெயர். 50 பஸ்களுக்கு மேல் வைத்திருந்த தனியார் நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டபின், 1973-ல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. அதிலிருந்து பிரிந்து தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் 1987-ல் வந்தது. எம்.ஜி.ஆரின் தாயார் பெயர் அது. 1997-ல் தலைவர்கள் பெயரில் இருந்த கழகங்கள் எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாகப் பெயர் மாறின. ஆக, தருமபுரி பஸ் நிலையத்தில் நிற்கும் வண்டியில் ‘அண்ணா’ என்றிருந்தால் 1973-க்கும் 1987-க்கும் இடை. ‘அன்னை சத்யா’ என்றிருந்தால் 1987-க்கும் 1997-க்கும் இடை. ஒரு எச்சரிக்கை: பெயர் மாறிய அன்றே எல்லா வண்டிக்கும் பெயின்ட் அடித்துவிட மாட்டார்கள். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும்போதுதான் பாடி வேலையும் எழுத்து வேலையும் சேர்ந்து நடக்கும். அதனால் பழைய பெயருக்கு ஓர் ஆண்டு கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். சேலம் வண்டிகள் தருமபுரி, ஓசூர் வழியாகத் தொடர்ந்து ஓடின என்பதையும் மறக்க வேண்டாம். 1987-க்குப் பின்னும் ‘அண்ணா’ பஸ் நம் ஊர்ப் படத்தில் வரலாம்; அப்போது ரூட் போர்டைப் பார்த்தாக வேண்டும்.

நம்பர் பிளேட் இரண்டாவது கோடு. 1989 ஜூலை 1-க்கு முன் மூன்று எழுத்தும் நாலு இலக்கமும். அதன்பின் ‘டிஎன்’, அலுவலக எண், தொடர் எழுத்து, நாலு இலக்கம். தருமபுரிக்கு டிஎன் 29, கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24, ஓசூருக்கு டிஎன் 70. தொடர் எழுத்து ‘என்’ என்றிருந்தால் அரசுக் கழக வண்டி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல்தான் என்பதால், அதற்கு முந்தைய ஓசூர் படத்தில் டிஎன் 29 இருப்பது இயல்பு. பலர் இதைப் பார்த்ததும் ‘இது தருமபுரியில் எடுத்த படம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நம்பர் பிளேட் வண்டி பிறந்த காலத்தைச் சொல்லும், படம் எடுத்த காலத்தைச் சொல்லாது. ‘அன்னை சத்யா’ என்ற எழுத்தும் பழைய மூன்றெழுத்துப் பிளேட்டும் ஒரே வண்டியில் இருந்தால், 1989 ஜூலைக்கு முன் பதிவான வண்டியை 1987-க்கும் 1997-க்கும் இடையில் எடுத்த படம். அவ்வளவுதான் சொல்லலாம்.

ரூட் போர்டில் எழுத்தின் வடிவம் பேசும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபின்தான் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை இன்றைய வடிவத்துக்கு மாறின. அதற்கு முன் லை, னை முதலியவற்றில் யானைத் தும்பிக்கை போல் மேலே வளைந்த கொம்பு இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் போர்டு இதற்கு வாகானது. அந்த ஒரே பெயரில் ணா, லை இரண்டும் வருகின்றன. அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் போர்டும், சென்னை போர்டும் உதவும். பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் போர்டுகளில் மாறிய எழுத்து ஒன்றும் கிடையாது. அவற்றை வைத்து இந்தச் சோதனை செய்ய முடியாது. பழைய கை பழகிய பெயின்டர்கள் 1978-க்குப் பின்னும் சில காலம் கொம்பு போட்டே எழுதினார்கள். எனவே புதிய எழுத்து இருந்தால் ‘1978-க்கு முன் இல்லை’ என்று துணிந்து எழுதலாம். பழைய எழுத்து இருந்தால் அத்தனை உறுதி வேண்டாம்.

பின்னணியில் தெரியும் கடைப் பலகையில் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். தருமபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. பலகை மங்கியிருந்தாலும் இந்த மூன்றில் எந்த ஊர் என்பதைக் கடைசி மூன்று இலக்கம் சொல்லிவிடும். தொலைபேசி எண்ணில் 04342 தருமபுரி, 04343 கிருஷ்ணகிரி, 04344 ஓசூர். தருமபுரி ஊர்ப் பெயரோடு ‘சேலம் மாவட்டம்’ என்று எழுதிய பலகை 1965 அக்டோபர் 2-க்கு முந்தைய எழுத்து. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் தேசிய நெடுஞ்சாலை. அதில் 7 என்றிருந்தால் பழைய எண், 44 என்றிருந்தால் 2010-க்குப் பிந்தைய மாற்றம். சுவரில் சினிமா போஸ்டர் தெரிந்தால் எல்லாரும் குஷியாகிவிடுவார்கள். அது ஒரு பக்கக் கோடு மட்டுமே. டூரிங் கொட்டகைகளில் பத்து ஆண்டு பழைய படத்துக்கும் புது போஸ்டர் ஒட்டுவார்கள். படம் வெளியான ஆண்டுக்கு முன் இல்லை என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

சேஸ், அதாவது பாடிக்கு அடியில் இருக்கும் அடிச்சட்டம், எந்த நிறுவனத்துடையது என்று பார்ப்பதில்தான் ஆர்வலர்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். கிரில்லைப் பார்த்துச் சொல்வது ஆபத்து. பாடி கட்டும் இடத்தில் முன்முகத்தைத் தங்கள் விருப்பப்படி தகரத்தில் செய்துவிடுவார்கள்; லேலண்ட் சேஸில் டாடா சாயலும் இருக்கும், டாடா சேஸில் லேலண்ட் சாயலும் இருக்கும். அளந்து பார்ப்பதே மேல். பக்கவாட்டில் எடுத்த படத்தில் டயரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 10.00-20 டயரின் வெளிவிட்டம் சுமார் 1055 மில்லிமீட்டர். பின்டயரின் விட்டத்தைக் கிடைமட்டமாக அளந்து, முன், பின் சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை (வீல்பேஸ்) அதனால் வகுக்க வேண்டும். டயர் 150 புள்ளி, மையங்களின் இடைவெளி 801 புள்ளி என்றால் விகிதம் 5.34. அதை 1055-ஆல் பெருக்கினால் 5634 மில்லிமீட்டர். லேலண்டின் வைக்கிங் பஸ் சேஸின் 222 அங்குல வீல்பேஸ் 5639 மில்லிமீட்டர். கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. விகிதம் 5-க்குக் கீழே இறங்கினால் குட்டை சேஸ்.

டயரை ஏன் கிடைமட்டமாக அளக்க வேண்டும்? சுமை ஏறிய வண்டியில் டயர் மேல்கீழாக நசுங்கியிருக்கும். செங்குத்து அளவு குறைவாக வரும், வீல்பேஸ் கூடுதலாகக் காட்டும். அதோடு, கேமரா சற்றுச் சாய்வாக இருந்தால் கிடைமட்ட அளவுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்கும். டயரும் சுருங்கும், வீல்பேஸும் சுருங்கும், வகுத்தால் கணக்கு சரியாகிவிடும். முன்சக்கரம் திரும்பியிருந்தால் அதைத் தொடாதீர்கள். நேராக இருந்தால் முன், பின் இரண்டையும் அளந்து சராசரி எடுப்பது நல்லது. பழைய வண்டியில் 9.00-20 டயர் என்றால் விட்டம் சுமார் 1020 மட்டுமே. அதை 1055 என்று எடுத்துக்கொண்டால் இதே படத்தில் 190 மில்லிமீட்டர் பிசகும். சரிபார்க்க இன்னொரு வழி: பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிய பகுதி வீல்பேஸில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. 5639-க்கு அது 3383. உங்கள் அளவு அதற்கு மேல் வந்தால் படத்தின் கோணம் ஏமாற்றுகிறது. டாடாவின் நீள சேஸும் இதற்கு மிக நெருக்கம் என்பதால் அளவு மட்டும் வைத்து லேலண்டா டாடாவா என்று தீர்ப்பு எழுத முடியாது. அதற்கு ஆள் வேண்டும். அந்த வண்டியை ஓட்டியவர் வேண்டும்.

ஓட்டியவரிடம் போவதற்கு முன் தடத்தின் ஏற்ற இறக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்வதில் பாதி காதில் விழாது. தருமபுரியிலிருந்து சேலம் போவது இறக்கம், வருவது ஏற்றம்; தொப்பூரில் அது ஒரேயடியாக நடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போவது நீண்ட ஏற்றம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கும், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கும் இறங்க வேண்டும். பழைய கால அட்டவணையில் ஒரே தூரத்துக்குப் போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும் போட்டிருப்பதன் காரணம் இதுதான். அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

பழைய லேலண்டில் 370, 400 என்று சொல்லும் எஞ்சின்களின் எண் அதன் கொள்ளளவு, கன அங்குலத்தில். 400 என்பது சுமார் ஆறரை லிட்டர். டர்போ கிடையாது, நிறை சுமையோடு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் வரும். ஜப்பானின் ஹினோ தொழில்நுட்பத்தில் செய்த எஞ்சின்கள் வந்தபின் ஏற்றத்து நேரமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து மாறின. லேலண்டின் ஓசூர் தொழிற்சாலை 1980-ல் வந்தது என்பதால், ஓசூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் இந்த மாற்றத்தை எஞ்சின் எஞ்சினாகக் கேட்டு எழுதலாம்.

கியரும் இன்றைய கியர் இல்லை. டபுள் கிளட்ச் போட வேண்டும். கியர் குறைக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து எஞ்சின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கீழ் கியரைச் சேர்க்க வேண்டும். அந்த மிதி போதாவிட்டால் பல் கடிக்கும், கியர் சேராது. சமவெளியில் அது வெறும் சத்தம். தொப்பூர் இறக்கத்தில் அது உயிருக்கு ஆபத்து: கியர் சேராமல் நியூட்ரலில் நின்றால் எஞ்சின் பிடிப்பே இல்லாமல் வண்டி ஓடத் தொடங்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் டிரம் சூடேறி விரியும், லைனர் பிடிப்பை இழக்கும். அடிக்கடி மிதிக்க மிதிக்க ஏர் பிரேக்கின் டேங்கில் காற்றழுத்தமும் இறங்கும். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து இறங்கினால் அந்தக் காற்றை ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுவிடும், காற்று மறுபடி ஏறாது. அதனால் அனுபவப்பட்டவர்கள் இறக்கம் தொடங்கும் முன்னரே, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரைப் போட்டுக்கொண்டு கீழே வரும்வரை மாற்ற மாட்டார்கள். ‘எந்த இடத்துல கியர் போடுவீங்க ஐயா?’ என்று கேட்டால் ஒரு மரத்தையோ கோயிலையோ பாலத்தையோ சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் இடத்தை அடையாளம் காண அதுவே பயன்படும்.

‘எந்த வருஷம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்கு ஏதோ ஒரு வருஷம் சொல்லிவிடுவார்கள். ‘எம்.ஜி.ஆர். இறந்த அன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சு?’ என்று கேளுங்கள். 1987 டிசம்பர் 24. எந்த ரூட், கூட யார் கண்டக்டர், எந்த ஊரில் பயணிகளோடு மாட்டிக்கொண்டார்கள் என்று அத்தனையும் வரும். 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்ட நாள், அதே மாதிரி. கண்டக்டரிடம் ஸ்டேஜ் (டிக்கெட் கட்டணம் மாறும் இடம்) பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு திரும்பி வரும் வரிசையிலும் சொல்லச் சொல்லுங்கள். போகும்போது விட்டுப்போன ஓரிரு பெயர் வரும்போது வந்துவிடும். ஸ்டேஜ் பெயர்கள் பல ஊர்ப் பெயர்களாகவே இருக்காது. கூட்ரோடு, மில், பாலம், பிரிவு ரோடு என்றிருக்கும். இன்றைய வரைபடத்தில் அவை கிடையாது. இரவு வண்டி நிற்கும் நைட் ஹால்ட் எந்த ஊரில், காலை முதல் சிங்கிள் (ஒரு வழிப் பயணம்) எத்தனை மணிக்கு, மேல் கேரியரில் என்ன ஏறும் என்றும் கேளுங்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு வண்டியில் தக்காளிக் கூடை ஏறிய காலத்தில் பின்பக்க ஏணி எவ்வளவு முக்கியம் என்பது அதில் தெரியும். படத்தில் ஏணியும் கேரியரும் இருக்கிறதா என்பதும் தடத்தைச் சொல்லும் ஒரு சாட்சி.

பஸ்ஸை இந்த மாவட்டங்கள் இவ்வளவு நம்பியதற்கு ரயிலும் ஒரு காரணம். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரையும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓடிய குறும்பாதை ரயில்கள் சுதந்திரத்துக்கு முன்பே நின்றுபோயின. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதன்பின் ரயிலே வரவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் வரும் நேரத்தை ஒட்டி அமைந்த பஸ் நேரங்களைப் பழைய அட்டவணைகளில் தேடிப் பாருங்கள்.

ஆவணத்துக்கு இரண்டு இடங்கள் கைகொடுக்கும். 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி ஸ்டேஜ் கேரேஜ் பர்மிட் (தடத்தில் பயணிகள் பஸ் ஓட்டும் உரிமம்) கேட்டு வரும் விண்ணப்பத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். ஒரு பர்மிட்டுக்குப் பல முதலாளிகள் போட்டியிட்டதால் உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. 1950, 60-களின் அந்தத் தீர்ப்புகளில் தடம், தூரம், சில சமயம் நேரம்கூட இருக்கும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அன்று வேறாக இருந்ததால் நாலைந்து விதமாக மாற்றித் தேட வேண்டும். மற்றொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ‘பழைய பஸ் விவரம் தருக’ என்று எழுதினால் பதில் வராது. தடம், இரண்டு முனை ஊர்கள், ஆண்டு வரம்பு, கேட்கும் ஆவணத்தின் பெயர் நான்கையும் எழுதுங்கள். பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால், அழித்ததற்கான பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அதில் கோப்பின் தலைப்பாவது மிஞ்சும்.

அரசு வண்டிகள் 15 ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பதால், பணிமனை மூலையில் பழைய வண்டி கிடக்கும், பிறகு போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. அனுமதி வாங்கி உள்ளே போக முடிந்தால் சேஸ் எண், பாடி கட்டிய இடத்தின் தகடு, டாஷ்போர்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எழுதியவை, டயர் அளவு என்று அருகே வைத்து எடுங்கள். வெளித்தோற்றம் கடைசியில் போதும்.

சேகரித்ததைக் கோப்பாக வைக்கும்போது பெயரிலேயே ஐந்து விஷயம் இருக்கட்டும்: ஆண்டு வரம்பு, கழகம் அல்லது தனியார், தடம், இடம், எந்தச் சான்றால் ஆண்டு குறித்தோம் என்பது. ‘1987-1997, அன்னை சத்யா, தருமபுரி-பென்னாகரம், இண்டூர், பக்கவாட்டு எழுத்தால்’ என்பது மாதிரி. அடுத்தவர் வேறொரு சான்று கொண்டுவந்தால் வரம்பைக் குறுக்கிக்கொள்ளலாம்; பழைய குறிப்பை அழிக்காமல் அதன் கீழேயே நாள் போட்டு எழுதுங்கள்.